முதற் பிரசவத்துக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

தாயின் காலடியில் சுவனம் இருக்கின்றது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரு பெண் தாயாகும் வழியைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. கல்யாணம் என்றால் ஆறு மாதத்துக்கு முன்பே மண்டபம், சமையற்காரர், உடுப்பு என்று எல்லாவற்றையும் பேசி முடிக்கின்றோம். பிரசவம் என்று வரும்போது, "அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு நின்றுவிடுகின்றது. அவன் லேசாக்கி வைப்பான் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினரல்லவா நாம்?

எங்கள் வீட்டில் ஒட்டகத்தைக் கட்ட மறந்த கதையோடு இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன்.

ராத்தாவின் கையொப்பம்

பசறைக்கு அப்பால் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய கடைவீதி எங்கள் ஊர். என் ராத்தாவுக்குக் கடந்த நவம்பர் மாதம், அடைமழை நாளொன்றில், தலைப்பிள்ளை பிறந்தது. கிளினிக்குக்குத் தவறாமல் போனாள். மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கினாள். பிள்ளைக்கு வேண்டிய துணிகளை எட்டாம் மாதத்திலேயே தோய்த்து மடித்து வைத்தாள். அவள் செய்யாமல் விட்டது எதுவுமில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நோவு தொடங்கிப் பதினான்கு மணித்தியாலங்களின் பின்னர், பிள்ளையின் இதயத்துடிப்பு குறைகின்றது, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். தாதி படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ராத்தா பேனையைக் கையில் வாங்கவில்லை. "வீட்டாக்களிட்டக் கேட்டுச் செல்றேன்" என்றாள்.

வெளியே நடைபாதையில் நின்ற மாமி, "மகன்ட வாயால ஒரு வார்த்தை வரட்டும்" என்றார். மச்சானோ கொழும்பில் கடையில். அவருடைய தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. வாப்பாவிடம் போனோம். "மருமகன் இருக்கக்கொள்ள நான் எப்படிச் செல்ற?" என்றார். உம்மா அழுதுகொண்டு யாஸீன் ஓதினார். தாதிமார் இருவர் மாறி மாறி வந்து கேட்டனர். "கையொப்பம் நீங்கள்தான் போட வேண்டும், வேறு யாரும் போடத் தேவையில்லை" என்று ஒருவர் ராத்தாவிடம் சொன்னாராம். அப்போதும் அவள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடங்கள் கழிந்தன. கடைசியில் மச்சான் தொலைபேசியை எடுத்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "டொக்டர்மார் செல்றதச் செய்யுங்க. இதுக்கு என்னத்துக்கு என்னைக் கேட்டுக்கிட்டு நின்டீங்க?"

பிள்ளை பிறந்தபோது நீர்க்குடத்து நீரில் மலம் கலந்திருந்தது. ஆறு நாட்கள் விசேட பராமரிப்புப் பிரிவில் வைத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவள் வீடெங்கும் தவழ்ந்து திரிகின்றாள். அந்த நாற்பது நிமிடங்களால்தான் அந்த ஆறு நாட்கள் வந்தனவா என்று எவரும் எங்களிடம் சொல்லவில்லை. உம்மா மட்டும் இன்றும் இரவில் அதைக் கேட்பார்.

வைத்தியசாலையில் குறை சொல்ல எங்களுக்கு எதுவுமில்லை. அந்த நாற்பது நிமிடங்கள் எங்களுடையவை. எவரும் தடுக்கவில்லை, எவரும் மறுக்கவில்லை. ஒருவரும் தனதென்று ஏற்றுக்கொள்ளாத ஒரு முடிவு கைமாறிக்கொண்டே இருந்தது. ஏழாம் மாதத்தில் ஒரு மாலைநேரத் தேநீரோடு பேசி முடித்திருக்கக் கூடிய விடயம் அது. பிறகொரு நாள் ராத்தா சொன்னாள்: "நிக்காஹ் பதிவில எனக்காக வாப்பா ஸைன் வச்சார். ஸ்கூல் விட்டதுக்குப் பொறகு நானா வச்ச முதல் ஸைன் அதுதான்." அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

மூன்று தாமதங்கள்

தாய்மார் ஏன் இறக்கின்றார்கள் என்ற கேள்விக்கு மருத்துவக் காரணங்களை மட்டும் சொன்னால் போதாது என்று, 1994 ஆம் ஆண்டு ஸெரீன் தடேயஸ், டெபோரா மெய்ன் ஆகிய இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒரு தாய்க்கு ஆபத்து நேரும்போது மூன்று இடங்களில் நேரம் வீணாகலாம் என்பது அவர்களின் விளக்கம். வைத்தியசாலைக்குப் போவதென்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதலாவது தாமதம். அங்கு போய்ச் சேருவதில் ஏற்படுவது இரண்டாவது. சேர்ந்த பின்னர் தேவையான சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. இன்று உலகெங்கும் தாய் சேய் நலம் பற்றிப் பேசுவோர் இந்த மூன்று தாமதங்களைக் கொண்டே தம் திட்டங்களை வகுக்கின்றனர்.

நம் நாடு இதில் நீண்ட தூரம் வந்துள்ளது. 1879 இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வீடு தேடி வரும் மருத்துவமாதுக்களின் சேவை அதன் வழியே நாடெங்கும் பரவியது. 1940களின் நடுப்பகுதியில் 100,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 1,000 இற்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 30 ஆக உள்ளது. இலவச வைத்தியமும், பெண்கள் எழுத வாசிக்கக் கற்றதும் இந்த மாற்றத்தின் பெரிய காரணங்கள். தோட்டப்புறங்களுக்கு மட்டும் இவை பிந்தியே வந்தன. அங்கே வைத்திய சேவை நீண்ட காலமாகத் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தது. நோவு கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்ற கதைகளை நம் ஊரின் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இனி, தலைப்பிள்ளையைச் சுமக்கும் ஒரு பெண் இந்த மூன்று தாமதங்களையும் எப்படி முன்கூட்டியே கடக்கலாம் என்று பார்ப்போம்.

முதலாவது தாமதம்: அறியாமல் முடிவெடுக்க முடியாது

ஆயத்தம் கருத்தரிக்கும் முன்பே தொடங்குகின்றது. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருவுற்று முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கின்றது. தான் கர்ப்பிணி என்று பல பெண்கள் அறியும் முன்பே அந்த வேலை முடிந்துவிடுகின்றது. அதனால்தான் திருமணமான புதிதிலேயே போலிக் அமில மாத்திரையைத் தொடங்கச் சொல்கின்றார்கள். தலசீமியா குருதிப் பரிசோதனையும் இக்காலத்துக்குரியதே. சொந்தத்துக்குள் திருமணம் பேசும் குடும்பங்களில் அதைக் கல்யாணத்துக்கு முன்பே செய்துகொள்வது நல்லது.

நாட்கள் தள்ளிப் போனதும் பிரதேசத்தின் குடும்ப நல உத்தியோகத்தரிடம், நாம் 'மிட்வைஃப் மிஸ்' என்று அழைப்பவரிடம், எட்டு வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். கண் பட்டுவிடும் என்று மூன்று மாதம் மறைத்து வைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஊருக்குச் சொல்லாமல் இருக்கலாம். மிட்வைஃப் மிஸ்ஸிடம் மறைப்பதில் பயனில்லை. கிளினிக்கில் செய்யப்படும் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அறிந்தால் போகாமல் இருக்க மனம் வராது.

குருதி வகையைப் பார்ப்பது அவசர நேரத்தில் இரத்தம் ஏற்றுவதற்கு மட்டுமன்று. தாய் ஆர்எச் நெகட்டிவ் ஆகவும் பிள்ளை பொசிட்டிவ் ஆகவும் இருந்தால், அடுத்த பிள்ளையைக் காப்பதற்காகப் பிரசவம் முடிந்து 72 மணித்தியாலங்களுக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். சீனிச் சோதனை கர்ப்பகால நீரிழிவைக் கண்டுபிடிக்கின்றது. குருதி அமுக்கமும் சிறுநீரில் அல்புமினும் சேர்ந்து கூடுவது, வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடிய ஒரு நோயின் அறிகுறி. 140/90 என்ற அளவை எட்டினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஈமோகுளோபின் அளவு 11 இற்குக் கீழே இருந்தால் அது குருதிச்சோகை. நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் அரை லீற்றருக்கும் அதிகமான குருதி ஓடுகின்றது. பிரசவத்தின் பின் கருப்பை சரியாகச் சுருங்காவிட்டால் எவ்வளவு விரைவாக எவ்வளவு இரத்தம் போகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடல் அந்த இழப்பைத் தாங்காது. இங்கே தேயிலை மலையில் வாழும் நமக்கென்று ஒரு செய்தி உண்டு. சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் தேநீர் குடித்தால், தேயிலையிலுள்ள தனின் அந்த இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றது. நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, சாயத்தண்ணீரோடு மாத்திரையை விழுங்கும் தாய், விழுங்கியும் பயனில்லாமல் இருக்கின்றாள். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் ஓரிரு மணித்தியாலம் விட்டால் போதும். கல்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் எடுக்கக் கூடாது.

ரமழான் வந்தால் நோன்பு பற்றிய கேள்வி எழும். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட மார்க்கம் சலுகை தந்திருக்கின்றது. அதைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவன்று. தன் உடல்நிலையை வைத்தியரிடம் கேட்டு, பின்னர் மார்க்கமறிந்தவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, எந்த அறிகுறிக்கு வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் முன்பே அறிந்திருப்பது. இரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், கடும் தலைவலி, கண் மங்குதல், நெஞ்சுக்குக் கீழே வயிற்றின் மேற்பகுதியில் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், காய்ச்சல், வலிப்பு, பிள்ளையின் துடிப்பு வழமையை விடக் குறைதல் என்பனவே அவை. இவற்றில் ஒன்று வந்தாலும் "விடியட்டும் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. இவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று வீட்டில் முன்பே பேசி வைத்துவிட்டால் முதலாவது தாமதம் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது தாமதம்: வீதியும் மழையும்

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட நம் ஊவா மாகாணத்தில் தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் அளக்க முடியாது. மடூல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, பூனாகலை போன்ற இடங்களிலுள்ள மேற்பிரிவு லயங்களிலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதே ஒரு பயணம். ஐப்பசி பிறந்துவிட்டால் மழையும் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் ஒரு லயத் தொகுதியே மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறந்துவிடவில்லை. வீதி எப்போது மூடும் என்று பிள்ளைக்குத் தெரியாது. அது தன் நேரத்தில்தான் வரும்.

ஆகவே ஏழாம் மாதத்திலேயே சில கேள்விகளுக்கு விடை கண்டுவைக்க வேண்டும். எந்த வைத்தியசாலையில் பிரசவம்? அங்கே சத்திரசிகிச்சை வசதியும் இரத்தமும் உண்டா, அல்லது அங்கிருந்து பதுளைக்கோ தியத்தலாவைக்கோ அனுப்புவார்களா? நடு இரவில் வரக்கூடிய த்ரீவீல்காரர் யார்? அவர் வராவிட்டால் இன்னொருவர் யார்? வீதிவரை நடக்க முடியாவிட்டால் தூக்கிச் செல்ல யார் இருக்கின்றார்கள்? 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் லயத்தின் வாசல்வரை வாகனம் வர வழியுண்டா, இல்லையென்றால் எந்த இடத்தில் காத்திருப்பது என்பதை நாம்தான் தீர்மானித்து வைக்க வேண்டும். தூரத்தில் இருக்கும் தாய்மாரைக் குறித்த திகதிக்கு முன்பே வாட்டில் அனுமதித்துக்கொள்வதும் உண்டு. "வீட்டில் இருந்தால் வசதி" என்று அதை மறுப்பதற்கு முன் வீதியை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்யும் தாய்மாருக்கு இன்னொரு தடையும் உண்டு. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பெயர் விழாது, சம்பளம் போய்விடும். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இவர்களுக்கும் உரியது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் மகப்பேற்று விடுமுறை உண்டு. தன் உரிமையை அறிந்த பெண், எட்டாம் மாதத்திலும் கூடையைச் சுமந்து மலை ஏற வேண்டியதில்லை.

மூன்றாவது தாமதம்: புரியாமல் சொல்லும் 'ஹரி'

ராத்தாவோடு ஒருநாள் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்து வாங்கில் தோட்டத்து அக்கா ஒருவர் நிறைமாத வயிற்றோடு இருந்தார். அவருக்கும் அது தலைப்பிள்ளை. அவரை அழைத்து ஏதோ சொன்னபோது "ஹரி, ஹரி" என்று தலையாட்டிவிட்டு ஒரு துண்டோடு வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகின்றது என்று எழும்பியவர், என்னைப் பார்த்து, "தங்கச்சி, இதுல என்னா எழுதியிருக்கு? மருந்து சீட்டா?" என்று கேட்டார்.

நான் வாங்கிப் பார்த்தேன். குருதி அமுக்கம் கூடியிருப்பதாகவும், அன்றே வாட்டில் அனுமதிக்கும்படியும் எழுதியிருந்தது. அவர் அதை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிட இருந்தார். நானும் ராத்தாவும் அவரை உள்ளே கூட்டிச் சென்றோம். அங்கிருந்தவர்களும் பதறித்தான் போனார்கள். அவர் புரிந்துகொண்டுதான் தலையாட்டினார் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் சட்டம் வந்த நாளிலேயே எல்லா வாட்டுகளுக்கும் தமிழ் தெரிந்த தாதி வந்துவிடுவதில்லை. ஆகவே புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லும் துணிவைக் கர்ப்ப காலத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும். சிங்களம் தெரியாத தாய்மாருக்காக நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த வார்த்தைகள் இவை: 'தேருணே நே' என்றால் விளங்கவில்லை. 'ஆயெத் கியன்ன' என்றால் மறுபடி சொல்லுங்கள். 'ரிதெனவா' என்றால் வலிக்கின்றது. 'லே யனவா' என்றால் இரத்தம் போகின்றது. 'பபா ஹெல்லென்னே நே' என்றால் பிள்ளை அசையவில்லை. இந்த ஐந்தும் வாயில் இருந்தால், அவசரத்தில் பக்கத்துக் கட்டிலில் மொழிபெயர்ப்பாளரைத் தேடத் தேவையில்லை. பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் வைத்தியசாலைகளும் உண்டு. உங்கள் வைத்தியசாலையில் அந்த வசதி உண்டா என்று கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள்.

படிவத்தில் என்ன இருக்கின்றது?

உயிரியல் பாடத்தில் சூல்வித்தகத்தை வரைந்து பாகம் குறிக்கக் கற்றிருக்கின்றோம். ஆனால் நோவு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எவரும் நமக்குச் சொல்வதில்லை. கருப்பைக் கழுத்து 10 சென்ரிமீற்றர் அளவுக்கு விரிந்த பின்னரே பிள்ளை வெளிவர முடியும். முதற் பிரசவத்தில் இதற்குப் பன்னிரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுப்பது சாதாரணம். "நேற்றிரவு வந்தவள், இன்னும் பிறக்கவில்லை" என்று நடைபாதையில் நிற்போர் பதறத் தேவையில்லை. விரிவு எவ்வளவு, பிள்ளையின் இதயத்துடிப்பு எவ்வளவு, தாயின் நாடித்துடிப்பு எவ்வளவு என்று நேரத்துக்கு நேரம் ஒரு வரைபுத்தாளில் குறித்துக்கொண்டே வருவார்கள். பிள்ளையின் துடிப்பு வழமையாக நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். அது குறைந்து குறைந்து வந்தாலோ, விரிவு நின்றுவிட்டாலோ, பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, சூல்வித்தகம் கருப்பை வாயை மூடியிருந்தாலோ சத்திரசிகிச்சை தேவைப்படும்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை சிசேரியன் மூலமே பிறக்கின்றது. ஆயினும் "ஒபரேஷன் செய்தால் அவள் நோவு தாங்காதவள்" என்ற பேச்சு இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றது. நோவு தாங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதே வேளை அது சிறிய விடயமும் அன்று. இரத்தப்போக்கு, கிருமித்தொற்று போன்ற ஆபத்துகள் அதில் உண்டு. அடுத்த பிரசவத்தில் கூடிய கவனம் தேவைப்படும். ஆகவேதான் விளக்கம் கேட்டு, விளங்கிக்கொண்டு கையொப்பமிடும்படி சொல்கின்றார்கள்.

எந்தச் சிகிச்சைக்கு முன்பும் ஒரு தாய் நான்கு கேள்விகள் கேட்கலாம். இது ஏன் தேவை? இதில் என்ன ஆபத்து உண்டு? வேறு வழி ஏதும் உண்டா? செய்யாமல் காத்திருந்தால் என்ன நடக்கும்? இவற்றைக் கேட்பது வைத்தியரை எதிர்ப்பதாகாது. இரண்டு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். விடை கிடைத்ததும் முடிவு சொல்ல வேண்டியவள் அந்தத் தாய். பதினெட்டு வயது நிரம்பி, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் சத்திரசிகிச்சைக்கு அவளுடைய சம்மதமே வேண்டும். கணவரிடமும் பெற்றோரிடமும் மாமியிடமும் ஆலோசனை கேட்பது அழகான காரியம்தான். நம் மார்க்கம் மஷூறாவைப் போற்றுகின்றது. ஆனால் அந்த மஷூறா ஏழாம் மாதத்தில் நடக்க வேண்டும், பிள்ளையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதல்ல.

ஆண் வைத்தியர் பற்றிய தயக்கத்தையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும். பெண் வைத்தியர் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். இல்லாத வேளையில் நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை நம் உலமாக்கள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றார்கள். ஓர் உயிரைக் காப்பது முழு மனித குலத்தையும் காப்பதற்குச் சமம் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம்.

ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும்

சகோதரிகளே, இதையெல்லாம் வாசித்துவிட்டு "எனக்கு இப்போது என்ன தேவை?" என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் பதினேழு வயதுதான். நாளை பரீட்சை எழுதவிருக்கும் நமக்கு இது தூரத்து விடயமாகத் தெரியலாம். ஆனால் நம் வீட்டில் ஒரு ராத்தா இருக்கின்றாள், ஒரு மச்சி இருக்கின்றாள், பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒருத்தி இருக்கின்றாள். அவர்களில் பலரை விட நமக்குச் சிங்களமும் விஞ்ஞானமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். கிளினிக்குக்கு ஒரு நாள் கூடப் போகலாம். பதிவேட்டை வாசித்துச் சொல்லலாம்.

ஏழாம் மாதம் பிறந்ததும் ஒரு மாலைப் பொழுதில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எந்த வைத்தியசாலை, எந்த வாகனம், குருதி வகை என்ன, யார் கூடப் போவது, வீட்டில் யார் நிற்பது என்பவற்றை எழுதிய பின்னர், கடைசி வரியில் இதையும் எழுதச் சொல்லுங்கள்: அவசரத்தில் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் யாருடைய வார்த்தைக்கும் காத்திராமல் அவளே சம்மதம் சொல்வாள், நாங்கள் அனைவரும் அதற்கு உடன்படுகின்றோம். கணவர் அதைத் தன் வாயால் ஒருமுறை வாசித்தால் போதும். மாமியும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஈஸா நபியைப் பெற்றெடுத்த மர்யம் (அலை) அவர்கள் நோவின்போது ஒரு பேரீச்சை மரத்தடியில் தனியாக இருந்ததைக் குர்ஆன் எடுத்துரைக்கின்றது. அந்த வேதனையின் நடுவிலும் மரத்தின் அடிப்பாகத்தைப் பற்றி உலுக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பழத்தை உதிரச் செய்தவன் அல்லாஹ். ஆனால் உலுக்கியது அவர்களின் கை.

போன கிழமை எங்கள் மாமியின் இளைய மருமகளுக்கு ஏழு மாதம் பிறந்தது. மாமி எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: "மகள், அந்தத் தாளை எழுதித் தாங்களேன்." எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியை அவர் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.